ஆகாயத்திலும் அன்றாடக் கூலியோ?

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது நாவலர் பெருமானின் வசன நடையைப் பற்றியோ கந்தபுராணப் படிப்பு மரபைப் பற்றியோ ஒரு வியாசமாகவே இருந்திருத்தல் கூடும். அவற்றை எழுதுதற்கு என்னினும் வல்லார் இம்மலரிலேயே பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள், மலிவுக் கட்டண விமானக் கம்பனிகளிலே ஒப்பந்த முறையில் விமானமோட்டுவோரின் வேதனமும் வேலை நிலையும் ஆகும். தமிழாசிரியனுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன தொடர்பு என நகைப்பார் நகைக்கலாம். செலுத்துவோன் இன்றியே விண்ணிற் செல்லும் ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். அப்படியொரு ஊர்தி கிடைத்தால் இக்கம்பனிகளின் கணக்கப்பிள்ளைமார் எவ்வளவு மகிழ்வர் என்று யான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் மாணவருள் தாம் விமானியாகப் போவதாகக் கூறுவோர் ஆண்டுதோறும் ஓரிருவர் இருந்தே வருகின்றனர். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரிலே சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், 2024 செப்டெம்பரிலே இந்தியாவின் மலிவுக் கட்டணக் கம்பனியாகிய இன்டிகோ சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானம் விடத் தொடங்கியதும் இவ்வாசையை மேலும் வளர்த்துவிட்டன. ஆசை தவறன்று. 1947 டிசெம்பரிலே எயர் சிலோன் கம்பனியின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த காலந்தொட்டே வடபகுதிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். ஆயின் அண்ணாந்து பார்ப்பது ஒன்று. காணி உறுதியை நொத்தாரிசிடம் கொண்டு செல்வது வேறொன்று. சென்ற ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தையார் என்னிடம் வந்து, “மாஸ்ரர், நாலு பரப்புத் தோட்டக் காணி இருக்கிறது. ஈடு வைத்தால் பெடியனை விமானப் பள்ளிக்கு விடலாம். பிறகு உழைத்துத் தந்துவிடுவான்தானே?” என்று கேட்டார். அவருக்கு உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

மலிவுக் கட்டணம் என்பதைப் பழித்துரைக்க யான் முன்வரவில்லை. இலண்டனிலிருக்கும் தமையன் சூரிச்சிலே நடக்கும் தங்கையின் கலியாணத்துக்கும், பாரிசிலே நிகழும் உறவினரின் மரணக் கிரியைக்கும் சென்று அடுத்த நாளே வேலைக்குத் திரும்ப முடிகின்றதெனின், அது இக்கம்பனிகளாலேயே. ஒரு காலத்தில் விமானப் பிரயாணம் தனவந்தர்க்கும் அரசாங்க உத்தியோகத்தர்க்குமே உரியதாயிருந்தது. அமெரிக்கா 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விமானக் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் இருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை நீக்கிற்று. ஐரோப்பாவிலே 1993 இல் அதே மாற்றம் தொடங்கி 1997 இல் நிறைவெய்தியது. அதன்பின் எந்த ஐரோப்பிய நாட்டுக் கம்பனியும் வேறெந்த ஐரோப்பிய நாட்டினுள்ளும் விமானம் விடலாம் என்றாயிற்று. ஒரே வகை விமானத்தை மட்டும் வைத்திருத்தல், இறங்கிய விமானத்தை 25 நிமிடத்தில் மீண்டும் எழச் செய்தல், நகரத்துக்குத் தொலைவான சிறு நிலையங்களிலே இறங்குதல், உணவையும் பொதியையும் தனி விலைக்கு விற்றல் ஆகிய உபாயங்களால் கட்டணம் வீழ்ந்தது. இவை யாவும் திறமையின் பாற்பட்டவை; ஒருவரையும் வஞ்சிப்பனவல்ல.

வஞ்சனை புகுந்தது வேறு வழியால். ஐரோப்பாவின் மிகப் பெரிய மலிவுக் கட்டணக் கம்பனி அயர்லாந்தின் ரயன் எயர். சென்ற பத்தாண்டிலே அக்கம்பனியின் விமானங்களை ஓட்டியோரிற் பெருந்தொகையினர் அதன் ஊழியர் அல்லர். அவர்கள் ஆள்வழங்கும் முகவர் நிறுவனங்களின் மூலம் வந்தனர். அம்முகவரிடமும் அவர்கள் ஊழியர் அல்லர். ஒவ்வொரு விமானியும் அயர்லாந்திலே பதியப்பட்ட ஒரு சிறு கம்பனியின் இயக்குநராக வேண்டும். அச்சிறு கம்பனி முகவரோடு ஒப்பந்தம் செய்யும். முகவர் விமானக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்வார். விமானி தமக்குத் தாமே முதலாளி. ஆயினும் எந்நாள் எவ்வூரில் எந்நேரத்தில் எந்த விமானத்தை ஓட்டுவது என்பதை அம்முதலாளி தீர்மானிக்க முடியாது. வேறொரு கம்பனிக்குப் பறக்கவும் முடியாது. தலைப்பாகை மட்டும் முதலாளியினது, மண்வெட்டி கூலியாளினது.

இவ்வேற்பாட்டிலே விமானிக்கு மாதச் சம்பளம் இல்லை. இத்தனை மணித்தியாலம் பறக்கத் தருவோம் என்ற உறுதியும் இல்லை. சுகவீன லீவுக்குப் பணமில்லை, விடுமுறைக்குப் பணமில்லை, ஓய்வூதியம் இல்லை. சீருடையும், தளத்துக்கு வெளியே தங்கும் அறையின் வாடகையும் கூடத் தம் செலவே எனப் பத்திரிகைகள் எழுதின. கூலி, அட்டவணையிலுள்ள பறப்பு மணித்தியாலத்துக்கே. விமானம் தரித்த இடத்தைவிட்டு அசையும் கணத்திலிருந்து மறு நிலையத்திலே தரித்து நிற்கும் கணம் வரையுள்ள நேரமே பறப்பு மணித்தியாலம் எனப்படும். அதிலும் உண்மையாகச் சென்ற நேரமன்று. அட்டவணையிற் குறித்த நேரமே கணக்கு. மூடுபனியால் இரண்டு மணி தாமதித்தால் அவ்விரண்டு மணியும் விமானியின் தலையிலே.

ஒரு நாட் கணக்கைப் பார்ப்போம். ஒன்றரை மணி நேரப் பயணம் நான்கு. கூலிக்குரியது 6 மணி. முதற் பயணத்துக்கு ஒரு மணி முன்னதாக வந்து வானிலையும் எரிபொருளும் பார்க்க வேண்டும். இடையிலே 25 நிமிடம் வீதம் மூன்று தரிப்பு. இறுதியிலே பத்திரங்களை முடித்து வெளியேற அரைமணி. ஆக வேலை 8 மணி 45 நிமிடம். கூலி 6 மணிக்கு. அந்த இரண்டே முக்கால் மணியையும் மனத்திற்கொண்டே மணிக்கூலியை உயர்த்தி வைத்திருக்கிறோம் என்பது கம்பனிக்காரரின் சமாதானம். அதில் ஓரளவு உண்மையுமுண்டு. ஆயினும் பாடசாலையொன்றிலே, கரும்பலகையில் வெண்கட்டி படுகின்ற நிமிடங்களுக்கே ஆசிரியனுக்குச் சம்பளம், கொப்பி திருத்துவதும் மைதானத்திலே நிற்பதும் பெற்றோரோடு பேசுவதும் அதனுள் அடக்கம் என அதிபர் அறிவித்தால், எத்தகைய பாடசாலை உருவாகும் என்பதை ஆசிரியர் அறிவர். வெண்கட்டி ஓயாது ஓடும், கொப்பிகள் திருந்தா.

இனிக் கடன். ஐரோப்பாவிலே ஒருவர் விமானப் பள்ளியிற் சேர்ந்து உரிமப் பத்திரம் பெற ஏறத்தாழ ஓர் இலட்சம் யூரோ செலவாகும். உரிமம் பெற்றபின்னும் குறித்த ஒரு வகை விமானத்தை ஓட்டுதற்கெனத் தனிப்பயிற்சி வேண்டும். முற்காலத்திலே அதைக் கம்பனியே கொடுத்தது. இப்போது பல இடங்களிலே விமானியே கொடுக்கின்றார். அதற்கு ஏறத்தாழ 30,000 யூரோ வரை அறவிட்டமை உண்டு. இன்னும் ஒரு படி மேலே போய், பிரயாணிகள் நிறைந்த விமானத்திலே துணை விமானியின் ஆசனத்தில் அமர்ந்து அனுபவ மணித்தியாலம் சேர்ப்பதற்கு, ஊதியம் பெறாமல், தாமே பணம் செலுத்துகின்ற வழக்கமும் சில கம்பனிகளிலே தோன்றியது. பிரயாணிக்கும் அவ்விமானிக்கும் வேற்றுமை யாதெனின், பிரயாணிக்குச் சன்னல் சிறிது, விமானிக்குப் பெரிது என்பதே.

கடன், முகவர், வேலை செய்த நாளுக்கு மட்டும் கூலி என்னும் மூன்றும் கூடிய இவ்வமைப்பை இலங்கையர் நாம் எங்கேயோ கண்டதுண்டு. மலைநாட்டுத் தோட்டங்களிலே பெரிய கங்காணி இந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டி வருவார். வந்த வழிச் செலவு தொழிலாளியின் பெயரிலே கடனாக நிற்கும். வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு. கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் போதல் அரிது. கடன் தொகை எழுதிய துண்டு அவனோடு தோட்டந்தோறும் செல்லும். அத்துண்டு முறை 1921 இலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளி பட்ட துன்பத்தையும் விமானியின் மனக்குறையையும் ஒரு தட்டிலே வைத்தல் அடாது. அவ்வாறு வைப்போர் லயக் காம்பராக்களின் வரலாற்றை அறியாதவர். யான் ஒப்பிடுவது துன்பத்தையன்று, கணக்கின் அமைப்பையே. வேலை கொடுப்பவனுக்கும் செய்பவனுக்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் நிற்கும்போது, பொறுப்பு அம்மூன்றாமவனின் மடியிலே மறைந்துவிடுகின்றது. தோட்டத்துரை கங்காணியைக் காட்டுவார். கங்காணி துரையைக் காட்டுவார்.

இஃது ஒரு சிலரின் கதையன்று. பெல்ஜியத்தின் கெந்த் பல்கலைக்கழகத்தார் 2015 இலே வெளியிட்ட ஆய்விலே 6,000க்கு மேற்பட்ட ஐரோப்பிய விமானிகள் விடையளித்தனர். ஆறு பேரில் ஒருவருக்கு மேற்பட்டோர் விமானக் கம்பனியோடு நேரடித் தொழில் ஒப்பந்தம் இல்லாதவர். தாமே தமக்கு முதலாளி எனப் பதிந்துகொண்ட விமானிகளுள் பத்தில் ஏழு பேர் மலிவுக் கட்டணக் கம்பனிகளிற் பறந்தோர். இளையோரிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம் என்பதும் அவ்வாய்விலே வெளிப்பட்டது. கடன் மிக்கவரும் அனுபவம் குறைந்தவரும் அவர்களே அன்றோ?

இனி, இவ்விடயம் விமானிகளின் சொந்த வீட்டுக் கணக்கு, நமக்கென்ன என்று கேட்பார்க்கு வருவோம். ஐரோப்பிய விதிகளின்படி ஒரு விமானி 28 நாளிலே 100 மணிக்கும், ஒரு நாட்காட்டி ஆண்டிலே 900 மணிக்கும் மேலாகப் பறத்தலாகாது. ஒரு நாளின் கடமை நேரத்துக்கும் வரம்புண்டு. சாதாரணமாக அது 13 மணி. இவையெல்லாம் கடிகாரம் அளக்கும் வரம்புகள். ஆனால் களைப்பைக் கடிகாரம் அறியாது. இரவெல்லாம் குழந்தை அழுதது, தடிமன் பிடித்தது, மூன்று நாள் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தது என்பனவற்றை விமானி ஒருவரே அறிவார். ஆதலால், தம் உடல்நிலை தகாதெனின் பறத்தலாகாது என்ற கடமையை விதிகள் விமானியின் மீதே சுமத்தியுள்ளன. அக்கடமையின் விலை யாது? மாதச் சம்பளக்காரர் ‘இன்று இயலாது’ என்றால் ஒரு நாள் வீட்டிலிருப்பார். மணிக்கூலிக்காரர் அவ்வாறு சொன்னால் அன்றைய உழைப்பு முழுவதையும் இழப்பார். அடிக்கடி சொன்னால், அவருக்கு மணித்தியாலம் கொடுக்காமல் விடுவதற்குக் கம்பனி எக்காரணமும் கூற வேண்டியதில்லை. ஒப்பந்தத்திலே குறைந்தபட்ச மணித்தியாலமே இல்லையன்றோ? சுருட்டுக் கொட்டிலிலே ஆயிரத்துக்கு இவ்வளவென்று கூலி வாங்குபவர் களைத்த கையோடு சுற்றினால் சுருட்டு இரண்டு பழுதாகும். விமானியின் பின்னால் 180 பேர் அமர்ந்திருக்கிறார்கள்.

2016 இலே இலண்டன் பொருளியற் கல்லூரியின் ஆய்வாளர் ஐரோப்பிய விமானிகள் 7,000 பேருக்கு மேற்பட்டோரிடம் கேட்டபோது, களைப்பைத் தம் கம்பனி பொருட்படுத்துவதில்லை எனப் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் விடையிறுத்தனர். 2022 யூன் மாதத்திலே ஹங்கேரியின் விஸ் எயர் கம்பனித் தலைவர், களைப்பென்று கூறிப் பலர் வராதிருந்தால் தொழிலை நடத்த முடியாது, எல்லோரும் களைத்தவரே, சில வேளை இன்னும் சற்றுத் தூரம் செல்ல வேண்டும் என்ற கருத்துப்படத் தம் ஊழியருக்குப் பேசியது வெளியாகி, விமானிகள் சங்கத்தாரின் கண்டனத்துக்கு உள்ளானது. கம்பனித் தலைவர் களைத்தால் கையெழுத்துக் கோணும். விமானியும் அவரும் ஒரே வகையாகக் களைப்பதில்லை.

குறைந்த சம்பளமும் களைப்பும் சேருமிடத்தில் நிகழ்வது யாதென அமெரிக்கா 2009 இலே கண்டது. அவ்வாண்டு பெப்ரவரி 12 ஆந் திகதி இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கொல்கன் எயர் விமானம் வீழ்ந்து, விமானத்திலிருந்த 49 பேரும் தரையிலே வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். அது பெரிய கம்பனியொன்றின் பெயரிலே சீட்டு விற்று, சிறிய கம்பனியொன்றினால் ஓட்டப்பட்ட விமானம். துணை விமானிக்கு வயது 24. அவரது ஆண்டு வருவாய் 16,000 டொலர் அளவினதே என விசாரணையிற் கூறப்பட்டது. பின்னர் கம்பனி, அதிகபட்சம் 24,000 டொலர் வரை உழைத்திருக்கலாம் என்றது. தளமாகிய நியூவார்க்கிலே வீடு எடுத்துத் தங்காது, நாட்டின் மறு கோடியிலுள்ள சியாற்றில் நகரில் பெற்றோருடன் வாழ்ந்து வந்த அப்பெண், முந்தைய இரவு முழுவதும் பொதி விமானங்களிலே ஏறி இறங்கி வேலைக்கு வந்திருந்தார், சளியும் இருந்தது. விமானம் வேகமிழக்கும் எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி தவறாகக் கையாண்டதே விபத்தின் காரணம் என விசாரணைச் சபை முடிவு செய்தது. இருவரின் செயலையும் களைப்பு பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று துணிய இயலாது என்றும் கூறிற்று. மாண்டோரின் குடும்பத்தினர் விடாது முயன்றதனால் 2010 இலே சட்டம் பிறந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி அனுபவம் வேண்டுமென்ற விதி 2013 இலும், புதிய ஓய்வு விதிகள் 2014 இலும் நடைமுறைக்கு வந்தன.

அந்த விபத்துக்கு ஒரு மாதம் முன்னர்தான் ஹட்சன் நதியிலே விமானத்தை இறக்கி 155 பேரையும் காத்த சலன்பேர்கர் என்னும் விமானி உலகப் புகழ் பெற்றிருந்தார். அப்புகழ் உச்சியிலிருக்கையில் அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் குழு முன் தோன்றிய அவர், வீரக் கதை எதுவும் கூறவில்லை. தம் சம்பளம் நூற்றுக்கு 40 வீதம் வெட்டப்பட்டதையும், தம் ஓய்வூதியத் திட்டம் ஒழிக்கப்பட்டதையும், தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதை விரும்பும் விமானி ஒருவரையும் தாம் அறியாததையும் கூறினார். இறங்க இடமின்றி நதியில் இறங்கிய மனிதர் சொல்லத் தெரிந்தெடுத்தது இதையே.

ஒப்பந்த முறையினால் கம்பனிக்கு இலாபமுண்டு என்பது மெய்யே. ஆயின் எல்லா நாளும் அன்று. 2017 செப்டெம்பரிலே ரயன் எயர் ஆறு வாரங்களுக்குள் ஏறத்தாழ 2,100 பயணங்களை நிறுத்தியது. பின்னர் மாரி காலத்துக்குரிய 18,000 பயணங்களையும் அட்டவணையிலிருந்து நீக்கியது. விமானிகளின் லீவைக் கணக்கிடும் ஆண்டு மாற்றப்பட்டதால் நேர்ந்த குழப்பமென அறிவிக்கப்பட்டது. லீவைக் கைவிட்டால் தலைமை விமானிக்கு 12,000 யூரோ வரை தருவோம் என்ற வாக்குறுதியையும் பலர் ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது பணத்தை மட்டுமன்று, நிலையான ஒப்பந்தத்தையும் தம் சார்பிற் பேசும் உரிமையையுமே. முப்பதாண்டுக்கு மேலாகத் தொழிற்சங்கங்களை ஏற்காதிருந்த அக்கம்பனி, நத்தார்க் காலத்து வேலைநிறுத்தம் அணுகியபோது, 2017 டிசெம்பர் 15 ஆந் திகதி அவற்றை ஏற்பதாக அறிவித்தது. 2018 ஓகஸ்ட் 10 ஆந் திகதி ஐந்து நாட்டு விமானிகள் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ 400 பயணங்கள் நின்றன. அதன்பின் நாடுதோறும் உடன்படிக்கைகள் எழுதப்பட்டன.

அவ்வுடன்படிக்கைகளின் பெறுமதி 2020 இலே தெரிந்தது. கொள்ளை நோயால் உலகெங்கும் விமானங்கள் தரையிலே நின்ற காலம். மணித்தியாலக் கூலிக்காரருக்குப் பறப்பு இல்லை, ஆகவே ஒன்றுமில்லை. பிரித்தானியாவிலே ரயன் எயர் விமானிகளோ சங்கத்தின் மூலம் பேசி, வேலை நீக்கத்தைத் தவிர்க்க நூற்றுக்கு 20 வீதச் சம்பளக் குறைப்பையும், அது நான்கு ஆண்டுகளிலே திரும்பக் கொடுக்கப்படும் என்ற தவணையையும் வாக்களித்து ஏற்றனர். வலி இருந்தது, கணக்கும் இருந்தது. அதே 2020 ஏப்பிரலிலே நோர்வேயின் மலிவுக் கட்டணக் கம்பனியாகிய நோர்விஜியன் கதை வேறு. அதன் விமானிகளிலும் பணியாளரிலும் பலர் டென்மார்க்கிலும் சுவீடனிலும் பதியப்பட்ட துணைக் கம்பனிகளின் பெயரிலே வைக்கப்பட்டிருந்தனர். அத்துணைக் கம்பனிகள் வங்குரோத்தாயின. ஏறத்தாழ 4,700 பேர் பாதிக்கப்பட்டனர். தாய்க் கம்பனி நின்று நிலைத்தது. விமானங்கள் ஒரு பெட்டியிலும் மனிதர் வேறொரு பெட்டியிலும் வைக்கப்பட்டிருந்தால், எந்தப் பெட்டி முதலில் எறியப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. 2015 இலே அக்கம்பனியின் 700 விமானிகள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தது இத்தகைய பிரிவினையை அஞ்சியே.

விமானிகள் ஏழைகள் அல்லர், தலைமை விமானி ஒருவரின் உழைப்பு ஆசிரியர் பத்துப் பேரின் சம்பளத்துக்கும் மேலாகுமே என ஆசிரிய நண்பர் ஒருவர் என்னை இடித்துரைத்தார். ஒப்புக்கொள்கிறேன். நாலு கோடுகள் தோளிற் பொறித்த தலைமை விமானிகள் நன்றாகவே உழைக்கின்றனர்; கொள்ளை நோய்க்குப் பின் விமானிப் பஞ்சம் ஏற்பட்டதால் பல இடங்களிற் சம்பளம் ஏறியுமுள்ளது. ஒப்பந்த முறையை விரும்பிய விமானிகளும் இருந்தனர். கைக்கு வரும் தொகை பெரிது, வரியும் குறைவு என்பது அவர்கள் கணக்கு. ஆயின் அந்த வரிக் கணக்கே பிறகு வினையாயிற்று. ஜேர்மனியிலே வழக்குத் தொடுநர்கள், வரியும் சமூகக் காப்புறுதிப் பணமும் செலுத்தப்படவில்லை என்ற ஐயத்தின்பேரில் 2016 இலே விமானத் தளங்களைச் சோதனையிட்டனர். விசாரணைக்கு உள்ளானோருள் முதலாளி என்ற பெயர் தாங்கிய விமானிகளும் இருந்தனர். அன்றியும் யான் பேசுவது தொகையின் சிறுமையைப் பற்றியன்று. எவ்வளவு பெரிய தொகையாயினும், ‘இன்று இயலாது’ என்ற சொல்லுக்குத் தண்டமாக அது பிடுங்கப்படுமானால், அத்தொகை வளர வளர அச்சொல்லைச் சொல்வது அரிதாகும்.

மலிவான சீட்டு வேண்டுமாயின் மலிவான விமானியும் வேண்டும் என்போர் கணக்குப் பார்க்கவில்லை. இரு விமானிகளுக்கும் மணிக்கு 50 யூரோ வீதம் கூட்டிக் கொடுத்தால் மணிக்கு 100 யூரோ. 180 பிரயாணிகளிடம் அதைப் பகிர்ந்தால் தலைக்கு 56 சதம். விமானத்தினுள்ளே விற்கும் தண்ணீர்ப் போத்தலின் விலை அதனிலும் பன்மடங்கு. மலிவுக் கட்டண முறைக்கே தாயெனப்படும் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பனி, 1971 இலே பறக்கத் தொடங்கியது முதல் விமானிகளைத் தன் சொந்த ஊழியராகவே வைத்திருக்கின்றது. அவர்களுக்கு வலிமையான சங்கமும் உண்டு. அந்நாட்டின் நல்ல சம்பளம் பெறும் விமானிகளுள் அவர்களும் அடங்குவர். அதனாற் சவுத்வெஸ்ட் மலிவுக் கம்பனி என்ற பெயரை இழந்துவிடவில்லை.

நம் தலைக்கு மேலே பறக்கும் விமானத்துக்கும் இக்கேள்வி உரியதே. இன்டிகோ விமானிகள் பெரும்பாலும் கம்பனியின் நேரடி ஊழியர். ஆதலால் அவர்களை மேற்கூறியோரோடு சேர்த்தெண்ணுதல் முறையன்று. ஆயினும் ஓய்வைச் செலவாகவே கருதும் மனப்போக்கு அங்கும் வெளிப்பட்டது. இந்திய அரசு விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவு இறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விதிகள் 2024 தொடக்கத்திலேயே வெளியாகிப் பலமுறை தள்ளிப்போய், 2025 யூலையிலும் நவம்பரிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. ஆயத்தஞ் செய்யக் காலம் போதியதாயிருந்தது. இருந்தும் 2025 டிசெம்பர் முதல் வாரத்திலே விமானிகள் போதாமல் இன்டிகோவின் பயணங்கள் சரிந்தன; ஒரே நாளில் 1,000க்கு மேற்பட்டவை நின்றன. அப்போது ஓய்வு விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. பரீட்சைக்குப் படிக்காத மாணவனுக்காகக் கேள்வித்தாளை மாற்றிக் கொடுத்தது போன்ற செயல் இது.

நீதிமன்றங்கள் மெல்லவேனும் நகர்கின்றன. 2017 செப்டெம்பரிலே ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜியத்தின் சார்லறுவா நிலையத்திலிருந்து பறந்த விமானப் பணியாளரின் வழக்கிலே, விமானம் எந்நாட்டிற் பதியப்பட்டது என்பதைக்கொண்டு மட்டும் அவர்களின் வேலைத்தலத்தைத் தீர்மானிக்க இயலாது, நாள்தோறும் புறப்பட்டு மீளும் தளம் முக்கியமான சான்றாகும் என்று கூறியது. 2025 இலே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், முகவர் மூலம் ரயன் எயர் விமானத்தை ஓட்டிய ஒருவர் சுயதொழிலாளி என்ற வாதத்தை ஏற்காது, விடுமுறைச் சம்பளம் முதலான உரிமைகள் அவருக்கும் உண்டென்ற கீழ்மன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அவர் வேலை செய்து முடிந்து ஐந்தாண்டு கழிந்த பின்பே அத்தீர்ப்பு. கடன் வட்டி ஐந்தாண்டு காத்திருப்பதில்லை.

காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்ட அத்தந்தையாருக்கு நான் கடைசியிற் கூறியது இதுதான்: பெடியன் விமானியாகட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் விமானப் பள்ளியின் வர்ணப் பத்திரிகையைப் படிப்பதற்கு முன், அதன் பின்னே வரப்போகும் வேலை ஒப்பந்தம் ஒன்றைத் தேடிப் படியுங்கள். யார் சம்பளம் தருவார், பறவாத மாதத்துக்கு என்ன கிடைக்கும், சுகவீனமுற்றால் என்ன கிடைக்கும், தனிப்பயிற்சிச் செலவு யாருடையது, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பவற்றுக்கு அதில் விடை இல்லையாயின் உறுதியைப் பெட்டியினுள்ளேயே வையுங்கள். அவர் தலையசைத்தார்; ஆனால் அத்தகைய ஆங்கில ஒப்பந்தத்தை யார் வாசித்துச் சொல்வார் என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அதனை இம்மலரின் மூலம் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒப்படைக்கின்றேன். இலண்டனிலும் மெல்பணிலும் ரொறொன்ரோவிலும் சட்டம் பயின்ற நம் பழைய மாணவர் இருக்கின்றனர்; விமானத் தொழிலிலே இருப்போரும் சிலர் இருப்பர். வருடத்துக்கு ஒருமுறை உயர்தர வகுப்பு மாணவரோடும் பெற்றாரோடும் தொலைபேசியிலாவது ஒரு மணி நேரம் பேச அவர்கள் முன்வருவராயின், இடத்தையும் நேரத்தையும் ஒழுங்கு செய்து தருவது என் பொறுப்பு. அடுத்த தவணையின் முதற் சனிக்கிழமை பிரார்த்தனை மண்டபம் ஓய்வாக இருக்கின்றது.